கேட்டவர்களுக்கும் கேள்வி உண்டு

அவதூறு ஒன்று பிறந்துவிட்டால் அதனைச் சொன்னவரைப் பற்றியே உலகம் பேசுகின்றது. அவரைக் கண்டிக்கின்றது, அவர் மீது வழக்குத் தொடுக்கின்றது, மன்னிப்புக் கேட்கச் செய்கின்றது. அதனைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று எவரும் விசாரிப்பதில்லை. நம் திருமறை அவ்வாறு விட்டுவிடவில்லை. 'அந்நூர்' என்னும் 24ஆம் அத்தியாயத்தைச் சற்று ஊன்றி ஓதிப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது மதீனாவின் நயவஞ்சகர்கள் பழி சுமத்தினார்கள். ஏறத்தாழ ஒரு மாத காலம் அப்பேச்சு வீட்டுக்கு வீடு உலாவிற்று. பின்னர் இறங்கிய வசனங்கள், பழியைக் கட்டி எழுப்பியவனுக்குப் பெரும் வேதனை உண்டென்று சுருங்கக் கூறிவிட்டு, அதனைக் காதில் வாங்கிய நல்லவர்களை நோக்கியே நெடிது பேசுகின்றன. கேட்ட மாத்திரத்தில் நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாவா? அறியாத ஒன்றை நாவுக்கு நா கைமாற்றினீர்களே, அதனை அற்பமாக எண்ணினீர்களே என்று வினவுகின்றன.

அந்த ஒரு மாத காலத்தில் தம்மைக் காத்துக்கொண்டோரும் இருந்தனர். அவர்களுள் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் முதன்மையானவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியருள் தமக்கு நிகராகப் போட்டியிட்டவர் அவரே என்று ஆயிஷா நாயகியே கூறியுள்ளார்கள். அந்தப் பழி நிலைத்திருக்குமாயின், உலகக் கணக்கில், இலாபம் ஸைனப் அவர்களுக்குத்தான். ஆயினும் பெருமானார் வினவியபோது, தம் செவியையும் கண்ணையும் தாம் காத்துக்கொள்வதாகவும், ஆயிஷாவிடம் நன்மையன்றி வேறொன்றும் கண்டதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய உடன்பிறந்த சகோதரி ஹம்னாவோ, அக்காளுக்காகப் பரிந்து நிற்பதாக எண்ணி அப்பேச்சைப் பரப்பினார்; அதனால் இடருக்கும் ஆளானார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர். ஒருவர் தமக்குச் சாதகமான பழியையும் நம்ப மறுத்தார். மற்றவர் தம்மவர்க்குச் சாதகம் என்பதற்காகவே அதனைச் சுமந்து திரிந்தார்.

இதனை இப்போது எடுத்துரைக்கக் காரணம் உண்டு. 2024ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் இரண்டு துயரங்கள் நிகழ்ந்தன. ஒன்று பெங்களூரில், மற்றொன்று நம் கள்ளக்குறிச்சியில். முதலாவதன் பின்னே பழி நம் மீது வீசப்பட்டது. இரண்டாவதன் பின்னே பழி வேறொருவர் மீது வீசப்பட்டது. இவ்விரண்டிலும் நம்மவர் நடந்துகொண்ட விதத்தை ஒப்பிட்டு நோக்குவது கடமையாகின்றது.

அவ்வாண்டு மார்ச் 1ஆம் நாள், பெங்களூரின் புரூக்ஃபீல்டு பகுதியிலுள்ள ராமேஸ்வரம் கஃபே என்னும் உணவகத்தில் நண்பகல் வேளையில் குண்டு வெடித்தது. பலர் காயமுற்றனர். அல்லாஹ்வின் அருளால் உயிர்ச்சேதம் இல்லை. (அவ்வுணவகத்திற்கு அப்பெயர் வைக்கப்பட்டதே, அது டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் பிறந்த ஊர் என்னும் மதிப்பினால்தான் என்பதை இங்கு நினைவில் கொள்வது நல்லது.) நாடாளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்த நேரம். மார்ச் 19ஆம் நாள், நாமெல்லாம் ரமலான் நோன்பில் இருந்த வேளையில், அப்போது மத்திய இணை அமைச்சராக இருந்த ஷோபா கரந்த்லாஜே அவர்கள் பெங்களூரில் பேசுகையில், தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் அங்கே பயிற்சி பெற்று இங்கே வந்து குண்டு வைக்கின்றனர் என்றும், கேரளத்திலிருந்து வருபவர்கள் கல்லூரிப் பெண்கள் மீது அமிலம் வீசுகின்றனர் என்றும் பொருள்படக் கூறினார்.

தமிழ்நாடு கொதித்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் கண்டனம் தெரிவித்தார். தேர்தல் ஆணையத்தில் புகார் அளிக்கப்பட்டது. மதுரையில் காவல்துறை வழக்குப் பதிந்தது. அன்றிரவே அமைச்சர் தமிழ் மக்களிடம் மன்னிப்புக் கோரி, தாம் கூறியதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தார். பின்னர் உயர் நீதிமன்றத்திலும் மன்னிப்பு வாக்குமூலம் தாக்கல் செய்தார். அரசும் அதனை ஏற்றுக்கொள்ளவே, 2024 செப்டம்பரில் வழக்கு ரத்தாயிற்று. இதற்கிடையில் அவர் பெங்களூர் வடக்குத் தொகுதியில் வெற்றி பெற்று மீண்டும் இணை அமைச்சராகியும் விட்டார்.

ஒரு மாநிலத்து மக்களை எல்லாம் ஒரு சொல்லில் குற்றவாளிகளாக்கும் பேச்சைத் தமிழ் மக்கள் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அது மெச்சத்தக்கதே. ஆனால் வாசகர்களே, அந்த மன்னிப்பில் விடுபட்டிருந்த ஒன்றைக் கவனித்தீர்களா? அது தமிழர்களிடம் கோரப்பட்டது. அதே மூச்சில் கேரள மக்கள் மீது வீசிய சொல் அப்பதிவில் திரும்பப் பெறப்படவில்லை. கேரளத் தலைவர்கள் தாங்களே தனியாகக் குரல் எழுப்ப வேண்டியதாயிற்று. நம் பக்கத்துச் சுமை இறங்கியதும் நம்மில் பெரும்பாலோர் அமைதியாகிவிட்டோம். அண்டை வீட்டார் மீது விழுந்த சேற்றை அவரே கழுவிக்கொள்ளட்டும் என்பது போலிருந்தது அந்த அமைதி.

இன்னொன்றும் உண்டு, அது நம் வீடுகளுக்குள் மட்டும் உணரப்பட்டது. ஏப்ரல் 12ஆம் நாள் தேசியப் புலனாய்வு முகமை மேற்கு வங்கத்தில் இருவரைக் கைது செய்தது. அவர்கள் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துத் தீர்த்தஹள்ளியைச் சேர்ந்தவர்கள். தமிழர்கள் அல்லர் என்று தெரிந்ததும் பொதுமக்களுக்கு நெஞ்சுபாரம் இறங்கிற்று. தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் அந்நிம்மதி முழுமையாக வாய்க்கவில்லை. ஏனெனில் பிடிபட்டவர்களின் பெயர்கள் நம் பிள்ளைகளுக்கு நாம் சூட்டும் பெயர்களாக இருந்தன. தமிழர் என்ற நிலையில் விடுவிக்கப்பட்ட நாம், முஸ்லிம் என்ற நிலையில் மீண்டும் கூண்டில் ஏற்றப்படுவோமோ என்று அஞ்சிய இளைஞர்கள் எத்தனை பேர்! வெளியூரில் வாடகைக்கு அறை தேடும் பிள்ளையைப் பெற்ற தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

இதில் மார்க்கத்தின் தீர்ப்பு ஐயத்திற்கிடமின்றித் தெளிவானது. உண்ண வந்த மக்கள் நடுவே குண்டு வைத்தவன் எவனாயினும் அவன் செய்தது கொடும்பாவம். நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டால் தண்டனையை அவன் ஏற்கத்தான் வேண்டும். அவன் பெயர் நம் பெயர் என்பதற்காகப் பரிந்து பேச நமக்கு உரிமை இல்லை. அவன் பெயர் நம் பெயர் என்பதற்காக நம்மைக் கூண்டில் நிறுத்தப் பிறர்க்கும் உரிமை இல்லை. ஓர் ஆன்மாவின் சுமையை மற்றோர் ஆன்மா சுமக்காது என்னும் கருத்தைத் திருமறை ஓரிடத்தில் அன்று, பல இடங்களில் திரும்பத் திரும்ப வலியுறுத்துகின்றது.

நமக்காகப் பிறர் குரல் கொடுத்த வரலாறும் உண்டு. அதனை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆ வேளையில் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் புகுந்த ஒரு கொடியவன் 51 பேரைச் சுட்டுக் கொன்றான். ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்படுமுன்பே, ஆஸ்திரேலிய செனட் உறுப்பினர் ஃப்ரேசர் ஆனிங் என்பவர், முஸ்லிம்கள் குடியேற அனுமதித்ததே இந்த இரத்தச் சிந்தலுக்குக் காரணம் என்று அறிக்கை விடுத்தார். கொலையுண்டவர்கள் மீதே கொலைப்பழி!

அந்நாட்டு மக்கள் என்ன செய்தார்கள்? அவரைப் பதவியிலிருந்து நீக்கக் கோரும் மனுவில் 14 லட்சம் பேர் கையொப்பமிட்டனர். ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகையோ அப்போது ஏறக்குறைய இரண்டரைக் கோடி. அதில் முஸ்லிம்கள் நூற்றுக்கு மூவர் கூட இல்லை. அப்படியானால் கையொப்பமிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் யார் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஏப்ரல் 3ஆம் நாள் அவர் அமர்ந்திருந்த செனட் சபையே அவரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. மே மாதத் தேர்தலில் அவர் தம் இடத்தை இழந்தார். பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அவர் தலையில் முட்டையை உடைத்ததைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். முட்டையை உடைப்பதை நான் புகழ மாட்டேன். மரியாதைக் குறைவான செயலுக்கு மரியாதைக் குறைவு விடையாகாது. ஆனால் அச்சிறுவனுக்கென்று மக்கள் திரட்டிய ஏறக்குறைய ஒரு லட்சம் டாலரை, தனக்கென வைத்துக்கொள்ளாமல், கொல்லப்பட்டோர் குடும்பங்களின் நலனுக்கே அவன் கொடுத்துவிட்டான் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஒரு சிறிய சமூகத்தின் மீது விழுந்த பழியை, அச்சமூகத்தைச் சேராத பெரும்பான்மை மக்கள் தாங்களாகவே முன்வந்து துடைத்தார்கள். அந்த உதவியைப் பெற்றவர்கள் நாம். அதே நிலை நம் வாசற்படியில் நேர்ந்தபோது நாம் எந்தப் பக்கம் நின்றோம்?

2024 ஜூன் 17ஆம் நாள் ஹஜ்ஜுப் பெருநாள். கச்சிராயபாளையத்திலும் கள்ளக்குறிச்சியிலும் குர்பானி இறைச்சியைப் பங்கிட்டுக் கொடுத்து முடித்த கையின் ஈரம் உலருமுன், மறுநாள் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அருந்திய கூலித் தொழிலாளர்கள் அடுத்தடுத்துச் சாயத் தொடங்கினர். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் அரசு மருத்துவமனைகளும் புதுச்சேரி ஜிப்மரும் நிரம்பின. பெண்கள் உட்பட 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்பார்வை பாதிக்கப்பட்டுத் துயருற்றோரும் உண்டு. தாயும் தந்தையும் ஒருசேர இறந்து பிள்ளைகள் மட்டும் எஞ்சிய வீடும் அதில் அடக்கம்.

அவ்வேளை நம்மவர் வாய்களில் இரண்டு பேச்சுகள் புறப்பட்டன. ஒன்று, "குடித்துச் செத்தவர்களுக்கு எதற்குப் பத்து லட்சம்?" என்பது. மது நமக்கு ஹராம். அதில் ஐயமே இல்லை. ஆனால் ஹராமை விலக்கியவனுக்குப் பிறர் பிணத்தின் மீது ஏறி நின்று பெருமை பேசும் அனுமதி கிடைத்துவிடுவதில்லை. மது அருந்திய ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டுத் தண்டிக்கப்பட்டபோது, கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். அதனை நாயகம் தடுத்தார்கள். உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணை போகாதீர்கள் என்னும் கருத்தில் எச்சரித்தார்கள். இது புகாரி ஷரீஃபில் உள்ள செய்தி. உயிரோடிருந்த குடிகாரனையே சபிக்கக் கூடாதென்றால், இறந்தவனின் அநாதைப் பிள்ளைக்குக் கிடைக்கும் தொகையை எண்ணிப் பொறாமைப்படுவதை என்னவென்பது?

மற்றொரு பேச்சுதான் இக்கட்டுரைக்குப் பொருளானது. "எல்லாம் அந்த மலைக்காரர்களால் வந்த வினை, சாராயம் காய்ச்சுவதே அவர்கள் பிழைப்பு" என்பது அப்பேச்சு. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையின் இருமருங்கும், தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும், ஏன், தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருப்போரிடையேயும் அதைக் கேட்க முடிந்தது. கல்வராயன் மலை வாழ் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். இவர்கள் வேறு, கேரளத்து மலையாளிகள் வேறு. மலையை ஆள்பவர் என்பதால் வந்த பெயர் இது. பேசுவது நம் தமிழேதான். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. மார்ச் மாதத்தில் அந்த மலையாளிகளுக்காகவும் நம்மில் பெரும்பாலோர் பேசவில்லை; ஜூன் மாதத்தில் இந்த மலையாளிகளுக்காகவும் பேசவில்லை. பேசாதிருந்தது மட்டுமா? பெங்களூரில் ஓர் அமைச்சர் நம்மைக் குறித்துச் சொன்ன அதே வாக்கிய அமைப்பை எடுத்து, 'தமிழ்நாடு' என்ற சொல்லை நீக்கிவிட்டு 'மலை' என்ற சொல்லை வைத்துக்கொண்டோம்.

உண்மை என்னவென்று ஆராய்ந்தோமா? மலையில் சாராயம் காய்ச்சுவோர் உண்டு, மறுப்பதற்கில்லை. வெல்லமும் மரப்பட்டையும் இட்டு ஊறல் போடுவது அங்கு நெடுங்காலமாக நடைபெறுவதுதான், அது குற்றமுமாகும். ஆனால் கருணாபுரத்தில் உயிர் குடித்தது ஊறல் சாராயம் அன்று. அது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் இரசாயனம். பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் போன்றே இருக்கும், உடலுக்குள் சென்றால் ஈரலில் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைத் தின்றுவிடும், சிறிதளவே போதும். அது கல்வராயன் மலையில் விளையும் பொருளும் அன்று, காய்ச்சும் பொருளும் அன்று. நகரங்களிலிருந்து, கை மாறிக் கை மாறி, சமவெளிச் சாலைகள் வழியே வந்து, நகரின் நடுவே, நீதிமன்றத்திற்கும் காவல் நிலையத்திற்கும் எட்டிய தொலைவில் விற்கப்பட்டது. அதனைத் தடுக்க வேண்டியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்னும் கேள்வி வலுத்துத்தான், அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. மலைமேல் வாழ்பவர் மீது பழியைப் போடுவதில் ஒரு வசதி இருக்கின்றது. அவருக்குக் கட்சி இல்லை, பத்திரிகை இல்லை, மன்னிப்புக் கேட்க வைக்கும் வலிமை இல்லை.

இதே வசதியைத் தேடியவர்களைக் குறித்து அல்லாஹ் வசனம் இறக்கியிருக்கின்றான். மத்ரஸாக்களில் ஓதப்படும் தஃப்ஸீர் ஜலாலைனில், 'அந்நிஸா' அத்தியாயத்தின் 105ஆம் வசனத்தின் கீழ் அச்செய்தியைக் காணலாம். துஃமா இப்னு உபைரிக் என்பவன் ஒரு கவச உடையைத் திருடி, அதனை ஒரு யூதரிடம் ஒளித்து வைத்தான். அவன் அதனை மாவுப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனதாகவும், பையிலிருந்த கிழிசல் வழியே மாவு வழி நெடுகச் சிந்தியதாகவும் வேறு விரிவுரைகள் கூறும். கவசம் யூதரின் வீட்டில் அகப்பட்டது. துஃமா தான் திருடவில்லை என்று அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்தான். இங்குதான் கவனிக்க வேண்டும். அவனுடைய குலத்தார் திரண்டு பெருமானாரிடம் வந்தனர். தம்மவனுக்காக வாதாடி அவனைக் குற்றமற்றவன் என்று தீர்க்குமாறு வேண்டினர். வெளிப்படையான சான்று யூதருக்கு எதிராக இருந்தது. யூதருக்காகப் பேச அச்சபையில் ஒருவரும் இல்லை. அவர் மதத்தவர்க்கும் முஸ்லிம்களுக்கும் உறவு கசந்திருந்த காலமும் அது.

அப்போது வானிலிருந்து வந்த தீர்ப்பு, முஸ்லிம் என்று சொல்லிக்கொண்ட திருடனுக்கு எதிராகவும் அந்த யூதருக்குச் சார்பாகவும் அமைந்தது. மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று தடுக்கப்பட்டது. தான் செய்த குற்றத்தை நிரபராதி ஒருவர் மீது வீசுபவன் அவதூறையும் பாவத்தையும் ஒருங்கே சுமக்கின்றான் என்னும் கருத்து அதே தொடரில் 112ஆம் வசனத்தில் வருகின்றது. அந்தக் குலத்தாரிடமும் வசனங்கள் நேருக்கு நேர் வினவுகின்றன. இவ்வுலகில் இவர்களுக்காக வாதாடிவிட்டீர்கள். மறுமை நாளில் யார் வாதாடப் போகின்றார் என்னும் கேள்வி அது. ஒரே ஒரு மாற்று மதத்தவரின் மானத்தைக் காக்க எத்தனை வசனங்கள்! அவற்றை இன்றளவும் நாம் தொழுகையில் ஓதுகின்றோம்.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை. சமவெளியில் சுதந்திரக் கொடி ஏறி ஒரு தலைமுறை கழிந்த பின்னரே அங்கு அரசின் நிர்வாகம் முறையாக ஏறிற்று. சாராயச் சாவுகளுக்குப் பின், 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அம்மலை மக்களின் வாழ்நிலை குறித்து வழக்கை எடுத்துக்கொண்டது; சாலை, மருத்துவம், கல்வி என அங்கு இல்லாதவற்றையெல்லாம் கேட்கத் தொடங்கிற்று. நீதிபதிகள் விசாரித்த அளவுக்கேனும், அடிவாரத்தில் வாழும் நாம் விசாரித்திருக்க வேண்டும். மலையில் விளையும் மரவள்ளியும் சாமையும் கடுக்காயும் இறங்கி வருவது நம் ஊர்களுக்குத்தான். அவர்கள் துணியும் உப்பும் மண்ணெண்ணெயும் நெடுங்காலம் வாங்கியது நம் கடைகளில்தான். அக்கடைகளில் நம்மவர் கடைகளும் உண்டு.

அந்தக் கடைக்காரர்களிடம் இரண்டு வேண்டுகோள். வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும் எழுபது வயது முதியவரை, "என்னப்பா, என்ன வேணும், சொல்லு" என்று ஒருமையில் விளிக்கும் வழக்கம் இன்னும் நம் கடைத்தெருக்களில் இருக்கின்றது. அதே வயதுள்ள நம் ஜமாஅத்துப் பெரியவர் வந்தால், "வாங்க அத்தா, உட்காருங்க" என்று முக்காலியை இழுத்துப் போடுகின்றோம். பெங்களூர்ப் பேச்சின் விதை இந்த இடத்தில்தான் இருக்கின்றது. மலைப் பெரியவருக்கும் அந்த முக்காலியை இழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது, வெல்லம் பற்றியது. ஊறலுக்கு வேண்டிய வெல்லம் மலையில் காய்ச்சப்படுவதில்லை. கரும்பு விளையும் சமவெளியிலிருந்து மூட்டை மூட்டையாக மேலே ஏறுகின்றது. மது காய்ச்சுபவன் என்று உறுதியாக அறியப்பட்டவனுக்குத் திராட்சை விற்பதையே ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் விலக்கியுள்ளன. மதுவின் பொருட்டுச் சபிக்கப்பட்ட பத்துப் பேரில் அதனைச் சுமந்து செல்பவரும் விற்பவரும் அடங்குவர் என்று ஹதீஸில் வந்துள்ளது. மலைக்காரர்களைப் பழிப்பவர்களில் எவரேனும் மூட்டைக் கணக்கில் வெல்லம் விற்று மலைக்கு ஏற்றியிருக்கின்றாரா என்பதை நான் எழுதுவதைவிட அவரவர் கணக்குப் புத்தகமே நன்றாகச் சொல்லும். கல்யாண வீட்டுக்கு வாங்குபவர் எவ்வளவு கேட்பார், வாரந்தோறும் இருட்டிய பின் வண்டி கொண்டுவருபவர் எவ்வளவு கேட்பார் என்பது கல்லாவில் அமர்ந்திருப்பவருக்குத் தெரியாததன்று.